ஆளுக்கு ஒரு வாய்

அவளுடைய பிள்ளைகளில் ஒன்றுக்கு மட்டும் யாராவது எதையாவது கொடுத்தால் அவள் வாங்கமாட்டாள். டீக்கடைக்காரர் பாப்பாவின் கையில் ஒரு பட்டர் பிஸ்கட்டை வைத்தால், "இன்னொண்ணு குடுங்கண்ணே. இல்லன்னா இதையும் நீங்களே வச்சுக்கங்க" என்பாள். அதைச் சொல்லும்போது முகத்தில் கோபமும் இருக்காது, கெஞ்சலும் இருக்காது. பஸ்ஸில் ரெண்டு டிக்கெட் கேட்பதுபோல் கேட்பாள்.

"பையன் பிஸ்கட்டு திங்குமாம்மா?" என்று அவர் ஒருமுறை கேட்டார்.

"ஊற வச்சா திங்குவான். அதுக்குக் கொஞ்சம் டீயும் ஊத்துங்க" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே டம்ளரில் கால்வாசி டீ ஊற்றிக் கொடுத்தார். அதிலும் பாதியைப் பாப்பாவைக் குடிக்கச் சொன்னாள்.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் இருக்கும் பக்கம் ஒரு சின்னக் கொட்டகையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பலகைக்கு முன்னால் உட்கார்ந்து வேலை செய்தோம். இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். களிமண் கூழை அச்சில் ஊற்றி எடுத்த சாமான்கள் சுடுவதற்கு முன்னால் பச்சையாக எங்களிடம் வரும். ஊதுபத்தி ஸ்டாண்டு, கைப்பிடி அளவு யானை, பியூஸ் கட்டை என்று அந்த மாதம் என்ன ஆர்டரோ அது. அச்சின் இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் ஒரு கோடு நிற்கும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, சூளைக்கு அனுப்பவேண்டும். கையை அழுத்தினால் சாமான் கோணிவிடும். நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். அதிகம் பேசமாட்டேன். அந்த வேலைக்குப் பேச்சு தேவைப்படாததால் எனக்குப் பிடித்திருந்தது.

அவள் வேலைக்கு வந்த முதல் நாள் இடுப்பில் ஒரு பையன், கையில் ஒரு பெண். இரண்டு பேருக்கும் நாலு வயது. பெண் கொழுகொழு என்று இருந்தாள். பையனுக்குக் கழுத்து நிற்கவில்லை. வாயோரம் எச்சில் வடிந்துகொண்டிருந்தது. காலும் கையும் அவன் சொன்னபடி கேட்காது.

"பெரியவ யாரு, சின்னவன் யாரு?" என்று சூப்பர்வைசர் கேட்டார்.

"ரெட்டைங்க சார். ரெண்டும் ஒண்ணுதான்."

சாமான் வைத்து லாரியில் ஏற்றுகிற மரப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினாள். உள்ளே வைக்கோல் பரப்பி, மேலே பழைய சேலையை மடித்துப் போட்டு, பையனை அதில் சாய்த்து உட்காரவைத்தாள். அன்றிலிருந்து அதுதான் அவன் இடம். எங்கள் பலகைக்கு இரண்டடி தள்ளி இருக்கும். லாரி பின்னால் வரும்போது போடுகிற சத்தம் கேட்டால் உடம்பெல்லாம் குலுங்கச் சிரிப்பான். "ம்மா" என்ற ஒரே சொல்தான் அவனுக்கு வரும். அம்மாவும் அதுதான், அக்காவும் அதுதான். எல்லோரும் பெண்ணைப் பாப்பா என்றார்கள், பையனைத் தம்பி என்றார்கள். எங்களுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

அவர்களைப் பெற்ற கதையை அவள் ஒருநாள் ஸ்பாஞ்சைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

"பாப்பா மொதல்ல வந்துட்டாக்கா. இவன் இருவது நிமிசம் கழிச்சு வந்தான். வந்தப்ப நீலமா இருந்தான். அந்த இருவது நிமிசந்தான் வித்தியாசம். வேற ஒண்ணும் இல்ல."

அந்த இருபது நிமிடத்தை ஈடுகட்டத்தான் அவள் தினமும் பாடுபட்டாள் என்று இப்போது தோன்றுகிறது. மத்தியானச் சாப்பாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே கிண்ணத்தில் சோற்றை ரசம் விட்டுக் குழையப் பிசைவாள். பாப்பாவுக்கு ஒரு வாய் கொடுப்பாள். அடுத்தது தம்பிக்கு. அவன் அதை நாக்கால் வெளியே தள்ளுவான். வழித்து மறுபடியும் ஊட்டுவாள். தாடையைத் தடவி விழுங்கவைப்பாள். சில சமயம் புரை ஏறும். முதுகைத் தட்டி, தலையை ஊதி, எல்லாம் அடங்கின பிறகுதான் பாப்பாவுக்கு இரண்டாவது வாய். அதுவரைக்கும் பாப்பா வாயை மூடிக்கொண்டு காத்திருப்பாள். நாலு வயதுப் பிள்ளை, பசியோடு, கிண்ணத்தைப் பார்க்காமல் தம்பியின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அது இறங்கியதும் தன் வாயைத் திறக்கும்.

"அவளுக்குத் தனியா ஒரு தட்டுல போட்டுக் குடுத்துடேன்மா. அவளே தின்னுக்குவா" என்றேன்.

"வேணாங்க்கா. அப்புறம் அவ தின்னு முடிச்சுட்டு எழுந்து போயிடுவா. இவன் ஒத்தையில திம்பான்."

லாரி ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர், மண் ஏற்றப் போனால் நாலைந்து நாள் கழித்துத்தான் வருவார். ஒருநாள் அவளைத் தேடிக் கொட்டகைக்கு வந்தவர் இந்தச் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். "மூணாவதா என்னையும் அந்த வரிசையில சேத்துக்கடி. எனக்கு வூட்டுல சோறே இல்ல" என்றார். நாங்கள் சிரித்தோம். அவள் நிஜமாகவே ஒரு உருண்டை உருட்டி அவர் வாயில் வைத்துவிட்டு, "ஒங்க முறை முடிஞ்சுது, போங்க" என்றாள்.

அடிப்பதிலும் அப்படித்தான். பாப்பா காய்கிற சாமான்மேல் கை வைத்து உடைத்துவிட்டால் முதுகில் ஒன்று வைப்பாள். உடனே பெட்டிப் பக்கம் திரும்பித் தம்பியின் முதுகிலும் மெதுவாக ஒன்று தட்டுவாள். அவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரிப்பான். அவன் சிரிப்பதைப் பார்த்துப் பாப்பாவும் அழுகையை விட்டுவிட்டுச் சிரிப்பாள்.

அவள் வேலைக்கு வந்த அந்த வருடம் ஆயுத பூஜை அன்று ஒன்று நடந்தது.

காலையிலேயே கொட்டகையைக் கழுவி, அச்சுகளுக்கெல்லாம் சந்தனம் வைத்துக் கும்பிட்டுவிட்டோம். எல்லோருக்கும் காகிதத்தில் பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தோம். பாப்பா இரண்டு கன்னமும் உப்பப் பொரியை மென்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் பெட்டிக்குள் தம்பி, குச்சிக் குச்சியாகக் கையும் காலும்.

"இது ரெண்டும் ஒரே வயித்துல இருந்துதுன்னு சொன்னா யாரு நம்புவா?" என்றாள் ஒருத்தி.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. பாப்பாவின் கன்னத்தைக் கிள்ளி, "ஏண்டி, வயித்துக்குள்ளயே அவன் சோத்தையும் சேத்து நீயே தின்னுட்டியா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். சூப்பர்வைசரும் சிரித்தார். அவளும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். நான் சொன்ன ஒன்றுக்கு ஒரு கூட்டமே சிரித்தது அதுதான் முதல் தடவை. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த ஜூனில் இரண்டு பேரையும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தாள். ரெண்டு பை, ரெண்டு சிலேட்டு, ரெண்டு செட் யூனிபார்ம். அந்தப் பள்ளிக்கூடத்தின் பெரிய டீச்சர் முதலில் தயங்கினார்களாம். "பாப்பா பக்கத்துல உக்காந்து பாத்துக்குவா டீச்சர். மத்தியானம் நான் வந்து இவனத் தூக்கிட்டுப் போயிடறேன்" என்று இவள் சொன்ன பிறகு சரி என்றார்கள். பாயில் சுவரோரமாகத் தம்பியைச் சாய்த்து வைப்பார்கள். பாப்பா அவன் வாயைத் துடைப்பாள். அவன் சரிந்தால் தோளைக் கொடுத்து நிமிர்த்துவாள். இடையில் நேரம் இருந்தால் சிலேட்டில் எழுதுவாள்.

அந்த வருடம் தம்பிக்கு ஊனமுற்றோர் அடையாள அட்டை வாங்கவேண்டும் என்று பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கப் போனாள். துணைக்கு நானும் போனேன். ஸ்டுடியோவில் இரண்டு பிள்ளைகளையும் ஒரே ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டாள்.

"ஏம்மா, ஒரு பாஸ்போர்ட்டு சைஸுக்குள்ள ரெண்டு தலைய எப்படிம்மா வைக்கறது?" என்றார் போட்டோக்காரர்.

"அப்ப தனித்தனியா எடுங்க."

"பொண்ணுக்கும் கார்டு வாங்கப்போறீங்களா?"

"இல்ல. ஆனா இவனுக்கு எடுத்தா அவளுக்கும் எடுக்கணும்."

பாப்பா போட்டோவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று காப்பி போட்டுக் கொடுத்தார்கள். தேவை இல்லாத அந்தப் போட்டோக்களை அவள் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

மாசி மகத்துக்கு மணிமுத்தாற்று மணலில் கடை போட்டிருந்தார்கள். வேலை முடிந்து நாங்கள் எல்லோரும் சேர்ந்தே போனோம். கையால் சுற்றுகிற சின்ன ராட்டினம் ஒன்று, நாலு மரத்தொட்டில் வைத்தது. பாப்பாவை ஏற்றினாள். தம்பியைத் தூக்கித் தொட்டிலில் வைக்கப் போனபோது ராட்டினக்காரர் கையை நீட்டித் தடுத்தார்.

"அந்தப் புள்ளைய ஏத்தாதம்மா. வழுக்கி வுழுந்துட்டா நான் என்னா பண்றது?"

"நானும் ஏறிப் பிடிச்சுக்கறேன்."

"பெரியவங்க ஏறினா தாங்காதும்மா."

இவள் ஏதோ பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் பாப்பா தொட்டிலின் கம்பியைத் தூக்கிவிட்டு இறங்கிவிட்டாள். யாரும் அவளை இறங்கச் சொல்லவில்லை. வந்து அம்மாவின் இடுப்பில் இருந்த தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாத்தீங்களாக்கா? நான் சொல்லாமலே வந்துட்டா" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னாள். எனக்கும் அன்று அது பெருமையாகத்தான் பட்டது. ஐந்து வயதில் இவ்வளவு அறிவா என்று நினைத்தேன்.

அந்த ஏப்ரலில் பெரிய டீச்சர் அவளைக் கூப்பிட்டு, பாப்பா பரீட்சையில் ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை, இன்னொரு வருடம் ஒன்றாவதிலேயே இருக்கட்டும் என்றார்கள். தம்பி எப்படியும் ஒன்றாவதில்தான். பாப்பா மேலே போய்விட்டால் அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதும் டீச்சரின் மனதில் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. இவள் வந்து அதை என்னிடம் சொன்னபோது வருத்தமாகச் சொல்லவேண்டும் என்று முயற்சி செய்தாள். ஆனால் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது.

"சின்னப் புள்ளதானக்கா. ஒரு வருசம் ஒண்ணும் ஆவாது. ரெண்டும் சேந்தே இருக்கும்ல?"

மறுவருடம் அரைப்பரீட்சை லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் தம்பியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகவேண்டியிருந்ததால் பாப்பாவை என் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். என் மகன் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தான். விளையாடப் போயிருந்தான். நான் அடுப்படியில் இருந்தேன். கூடத்திலிருந்து யாரோ மெல்லிய குரலில் படிப்பது கேட்டது. எட்டிப் பார்த்தேன். பாப்பா குப்புறப் படுத்துக்கொண்டு என் மகனின் தமிழ்ப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். எழுத்துக் கூட்டி இல்லை. தண்ணீர் ஓடுகிற மாதிரி.

"பாப்பா!" என்றேன்.

சட்டென்று புத்தகத்தை மூடினாள். திருடி மாட்டிக்கொண்ட முகம்.

"இவ்வளவு நல்லா படிக்கறியே. அப்புறம் ஏன் ஸ்கூலுல எழுத மாட்டேங்கற?"

"அம்மாகிட்ட சொல்லாதீங்க பெரியம்மா."

"ஏண்டி?"

"எழுதினா ரெண்டாவது போவச் சொல்லுவாங்க. தம்பி போவ முடியாது."

"தம்பியால முடியல. நீ போனா என்ன?"

பாப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வயித்துலயே அவன் சோத்த நான் தின்னுட்டேன்ல. அதனாலதான அவன் இப்படி இருக்கான். நீங்கதான பெரியம்மா சொன்னீங்க."

அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது. நான் போய் அதை இறக்கி வைத்தேன். துணியை எடுத்து அடுப்பைத் துடைத்தேன். வேண்டிய அளவுக்கு மேலேயே துடைத்தேன். திரும்பி வந்தபோது பாப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா வருகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அது சும்மா விளையாட்டுக்குச் சொன்னதுடி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த வார்த்தை எனக்கு வரவில்லை. குடிக்கப் பால் கொடுத்தேன். "தம்பிக்கு?" என்று கேட்டாள். எடுத்து வைத்திருக்கிறேன் என்று சொன்ன பிறகுதான் குடித்தாள்.

பாப்பாவின் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. பாப்பா கேட்டுக்கொண்டாள் என்பதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். பாப்பா படிக்கிறாள் என்று சொன்னால், ஏன் மறைக்கிறாள் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் நான்தான். தினமும் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து யானைகளின் முதுகில் இருக்கும் கோட்டைச் சுரண்டிக்கொண்டே நாலு மாதத்தை ஓட்டினேன்.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் காலை அவள் தாமதமாக வந்தாள். பாப்பாவை மட்டும் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் தூக்கி வந்த தம்பியைப் பெட்டியில் வைத்தாள், பலகைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கத்தியை எடுக்கவில்லை.

"பெரிய டீச்சர் வரச்சொன்னாங்கக்கா. பாப்பாவுக்கும் மூளை வளர்ச்சி கம்மியாத்தான் இருக்கும்போலன்னு சொல்றாங்க. ரெண்டு வருசமா ஒரு எழுத்து எழுதலியாம். கேட்டா பதில் சொல்லாதாம். வர்ற வாரம் டாக்டருங்க கேம்பு வருதாம். ரெண்டு பேரு பேரையும் எழுதிட்டாங்க."

நான் கையிலிருந்த யானையைப் பலகையில் வைத்தேன்.

"போட்டோ கேட்டாங்க. பர்ஸுலயே இருந்துது. எடுத்துக் குடுத்துட்டு வந்துட்டேன்."

அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. "ரெண்டும் ஒண்ணுதான், ரெண்டும் ஒண்ணுதான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். சாமி காதுல வுழுந்துட்டுதுக்கா."

"பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. பக்கத்துப் பலகைக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். "அவ படிப்பா. நான் பாத்தேன். என் மகன் ஏழாங்கிளாஸு புத்தகத்தப் படிச்சா."

"எப்ப?"

"அரைப்பரீட்சை லீவுல."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து சாமான் சுற்றி வைத்திருந்த பழைய பேப்பர் ஒன்றை உருவி எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். போகும்போது தம்பியைப் பெட்டியிலேயே விட்டுவிட்டாள். அவனை அவள் மறந்து போய் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அங்கே நடந்ததைச் சாயங்காலம் சொன்னாள். வகுப்புக்கு வெளியே பாப்பாவை நிறுத்தி, பேப்பரைக் கையில் கொடுத்து, "படி" என்றிருக்கிறாள். பாப்பா வாயைத் திறக்கவில்லை. "படிடி, அம்மா கும்பிடறேன், படிடி" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். பாப்பா அம்மா அழுவதைப் பார்த்துவிட்டு, மேலேயிருந்து கீழேவரை படித்துக் காட்டியிருக்கிறாள். பெரிய டீச்சர் வெளியே வந்து கேட்டிருக்கிறார்கள். கேம்புப் பட்டியலில் ஒரு பெயரை அடித்துவிட்டு, ஒரு போட்டோவைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

"நாந்தாங்க்கா பண்ணிட்டேன். ஆளுக்கு ஒரு வாய், ஆளுக்கு ஒரு வாய்னு அவள காக்க வச்சு காக்க வச்சு, படிப்புலயும் காத்துக்கிட்டு உக்காந்துட்டா. பெத்தவ நானே அவ வாய மூடிட்டேன்."

அப்போதும் அந்த ஆயுத பூஜைப் பேச்சை நான் எடுக்கவில்லை.

அவள் அன்றிலிருந்து கரையத் தொடங்கினாள். கையில் எடுத்த சாமானைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். "பெத்தவ செய்யற காரியமா இது?" என்று நடுவில் தானாகவே சொல்லுவாள். மத்தியானம் இரண்டு பிள்ளைகளுக்கும் ஊட்டிவிட்டுத் தான் சாப்பிடாமல் பாத்திரத்தைக் கழுவிவிடுவாள். ஒரு வாரம் பார்த்தேன். எட்டாவது நாள் மத்தியானம், அவள் கழுவப் போன பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ பண்ணலம்மா. நான் பண்ணினேன்" என்றேன். ஆயுத பூஜைப் பொரியிலிருந்து ஜன்னல் கம்பி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். தொடர்ந்து அவ்வளவு நேரம் நான் யாரிடமும் பேசியதில்லை. அவள் என்னைத் திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"நாலு மாசமா எதுத்தாப்புல உக்காந்திருந்தீங்களே" என்று மட்டும் கேட்டாள். அவள் தம்பியின் வாயைத் துடைத்தாள். அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நீங்க சொன்னீங்க. நானும் சிரிச்சேன்ல?" என்றாள் பிறகு.

"நீ சிரிச்சது..."

"சிரிச்சேங்க்கா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. பெத்தவளே சிரிக்கறாளேன்னு பாப்பா என் மூஞ்சியத்தான் பாத்துருப்பா." பாத்திரத்தை என் கையிலிருந்து வாங்கினாள். "சரி. பாதி ஒங்களுது, பாதி என்னுது. இதுக்கு மேல இதப் பத்திப் பேச வேணாம்."

அதில் இருந்த சோற்றைப் பிசைந்து இரண்டாகப் பிரித்து, எனக்குப் பாதியைத் தள்ளினாள். ஒரு பருக்கை விடாமல் தின்றேன்.

அன்று சாயங்காலம் பாப்பாவிடம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னோம். வயிற்றுக்குள் யாரும் யார் சோற்றையும் தின்ன முடியாது, பெரியம்மா விளையாட்டுக்குச் சொன்னது, தப்பு என்றேன். பாப்பா என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப தம்பி ஏன் இப்படி இருக்கான்?" என்று கேட்டாள். அம்மாவுக்கும் தெரியாது என்று அவள் சொன்னாள். இருபது நிமிடம் என்று சொல்லவில்லை.

இப்போது அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு வருடம் கழித்து வீட்டுக்காரருக்குப் பாண்டிச்சேரிப் பக்கம் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போனார்கள். பாப்பாவுக்கு இப்போது இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். தம்பியைப் பற்றி நான் கணக்குப் போடுவதில்லை.

போவதற்கு முந்தின அந்த ஜூன் மாதம்தான் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது. பாப்பாவை இரண்டாம் வகுப்பில் உட்காரவைத்தார்கள். பாப்பா பக்கத்தில் இல்லாமல் தம்பியைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று பெரிய டீச்சர் சொல்லிவிட்டார்கள். அவள் சண்டை போடவில்லை. ஒரே ஒரு செட் யூனிபார்ம் எடுத்தாள். காலையில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பாப்பாவைப் பள்ளிக்கூடத்து கேட் வரைக்கும் கொண்டுபோய் விடுவாள். பிறகு அவனைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வருவாள். அவனுக்கு அது புரியவில்லை. கேட்டை நோக்கி உடம்பை வளைத்து, "ம்மா, ம்மா" என்று தெரு முழுக்க அலறுவான். அவர்கள் வந்து சேருவதற்கு முன்னாலேயே அவன் குரல் எங்களுக்குக் கேட்கும். பெட்டிக்குள் வைத்த பிறகும் பத்து மணி வரைக்கும் அழுவான். மூன்று நாள் இப்படி நடந்தது. நாங்கள் யாரும் தலையை நிமிர்த்தாமல் வேலை செய்தோம்.

நாலாவது நாள் சத்தம் கேட்கவில்லை. இன்று அவள் வேலைக்கு வரவில்லையோ என்று நினைத்தேன். நிமிர்ந்தால் வாசலில் நின்றாள். தம்பி அவள் தோளில் தலையைச் சாய்த்திருந்தான். கண் திறந்திருந்தது. பெட்டியில் வைத்தாள். வைத்த இடத்தில் இருந்தான்.

"இன்னைக்கு அழுவலக்கா" என்றாள்.

"நல்லதுதானம்மா."

"பாப்பா உள்ள போறதப் பாத்தான். பாத்துட்டு மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டான்."

"பாப்பா?"

"அவளும் திரும்பிப் பாக்கல. பாத்தா தம்பி அழுவான், நேரா கிளாஸுக்குப் போவணும்னு சொல்லி அனுப்பினேன். நேரா போயிட்டா." ஸ்பாஞ்சை எடுத்துத் தண்ணீரில் நனைத்தாள். "இவன்கிட்டயும் ராத்திரி சொன்னேன். அக்கா படிக்கணும், நீ அழுவக் கூடாதுன்னு. இவனுக்கு என்னா புரியப்போவுதுன்னுதான் சொன்னேன்."

அவள் கையிலிருந்து தண்ணீர் பலகையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டும் சொன்ன பேச்சு கேக்குதுங்கக்கா" என்றாள்.